குழவி இல்லாத செவ்வாய்க்கிழமை

என் இதயம் அவ்வப்போது சில நொடிகள் வேலைநிறுத்தம் செய்கிறது என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தம்பி சாமுவேல் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்கு மட்டும் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "அப்ப மெஷின் மேல தப்பு இல்ல, அப்படித்தானே டாக்டர்?" என்று கேட்டேன். இதயத்தோடு சேர்த்துத் தலையையும் சோதித்திருக்கலாமோ என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

தேனி கடைவீதியில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. தாழ்ப்பாள் வாங்க வருகிறவர்களும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளைக் கேட்கிறார்கள். நான் சொல்லத் தொடங்குவேன். ஜெயராணி குறுக்கே வந்து "அன்னைக்குத் திங்கக்கிழமை" என்பாள். அது திங்கட்கிழமை இல்லை, செவ்வாய். ஆவணியின் இரண்டாவது செவ்வாய். கிழமைக்காகவாவது இதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் தகர ஷெட் ஒன்று உண்டு. அதில் நானே செய்த மில்லிங் மெஷின் நிற்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் கொடுத்தால் அதை மரப்பலகையில் செதுக்கித் தரும். வேகமாகச் சுற்றும் சிறிய உளி ஒன்று. அதை இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்த மோட்டார்கள். உதிரிபாகங்களைத் தபாலில் வரவழைத்து, வாசித்து, தப்பாக மாட்டி, கழற்றி, மறுபடி வாசித்து, இரண்டு வருடத்தில் ஓடவைத்தேன்.

இந்த வகை மெஷினுக்குப் பலகை எது, மனிதனின் கை எது என்று தெரியாது. ஆகவே அதை நிறுத்துவதற்கான ஏற்பாடுகள்தான் ஓட்டுவதற்கானவற்றைவிட முக்கியம். ஓட்டப் பாதையின் ஒவ்வொரு முனையிலும் சின்ன சுவிட்சு இருக்கும். உளி எல்லை தாண்டி வந்து அதன் நாக்கைத் தொட்டால் எல்லாம் நிற்கும். முன்பக்கம் காளான் மாதிரி தலை பெருத்த சிவப்புப் பொத்தான் இருக்கும். பதறிப்போனவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் படும். எல்லா சுவிட்சிலும் மின்சாரம் சதா ஓடிக்கொண்டிருக்கும்படி இணைத்திருந்தேன். சுவிட்சை அழுத்தினால் அந்த ஓட்டம் அறும், மெஷின் நிற்கும். எலி கம்பியைக் கடித்தாலும் அறும், அப்போதும் நிற்கும். கோளாறு எந்தப் பக்கம் வந்தாலும் நிற்கிற பக்கமாகவே முடிய வேண்டும் என்பது கணக்கு.

மூன்றாவதாக ஒரு காலடிப் பெடல். அது என் யோசனை அல்ல.

"அத ஓட விட்டுட்டு நீங்க வாசல்ல யாருகூடயாவது பேசப் போயிருவீக. உங்க காலு அதுமேல இருந்தாத்தான் ஓடணும். அப்படி ஒண்ணு மாட்டுங்க, இல்லாட்டி ஷெட்டுச் சாவி எங்கிட்ட இருக்கும்" என்றாள் ஜெயராணி.

மாட்டினேன். மிதித்திருந்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஆனால் ஒரு கதவைச் செதுக்க மணிக்கணக்காகும். கால் மரத்துப்போனது. சமையலறையில் மிக்ஸி வந்த நாளிலிருந்து அம்மிக்குழவி சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து பெடல்மேல் கிடத்தினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் படுத்துக்கொண்டது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஜெயராணி பார்த்தாள். "உங்க காலுக்குக் கல்லு எவ்வளவோ தேவல" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மிக்ஸி ஜாரின் பிளேடு உடைந்தது. மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டலாம் என்று ஷெட்டுக்குப் போனால் பெடல்மேல் குழவி இல்லை.

"ராணி! குழவி எங்க?"

"தொவையலுக்கு எடுத்தேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கர்த்தர் ரெண்டு காலு குடுத்திருக்காருல்ல, அதுல ஒண்ண வைங்க!"

முனகிக்கொண்டே காலை வைத்தேன். மெஷினில் இருந்தது சாமுவேலின் வாசல் கதவு. மாம்பழ வியாபாரியான அவர் தேவதானப்பட்டியில் புதுவீடு கட்டி, திராட்சைக்கொடி செதுக்கிய கதவுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மூன்றாவது குலையில் பாதிப் பழங்கள் வந்திருந்தன. தூசியை ஊதலாம் என்று குனிந்தது நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது ஜெயராணியின் முகம், தலைகீழாக. அத்தோடு தேங்காய் வாசனை. மெஷின் சத்தம் நின்றதால் வேலை முடிந்துவிட்டது, சாப்பிடக் கூப்பிடலாம் என்று கையில் அரைத்த துவையலோடு வந்திருக்கிறாள். நான் பலகைமேல் கவிழ்ந்து கிடந்தேனாம். கால் பெடலிலிருந்து விலகியிருந்தது. உளி என் மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. குழவி அதன் இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இருவரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சாமுவேல் பைக்கில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கரண்டு அடிச்சிருக்குக்கா! இதுல ரோசிக்க என்ன இருக்கு? அத்தான் சொந்தமாச் செஞ்ச மெஷினு. அடிக்காம என்ன செய்யும்?"

"மாப்ள, எர்த்து போட்டிருக்கேன்" என்றேன், படுக்கையிலிருந்து.

"நீங்க பேசாதீக அத்தான், நீங்க நோயாளி."

ஜெயராணி நிதானமாக யோசித்தாள். அவளுடைய நிதானம்தான் எனக்குப் பயம். "கரண்டு அடிச்சிருந்தா அந்த மெஷினு அன்னைக்கே வீட்ட விட்டுப் போயிரணும். வேற ஏதாச்சும்னா அப்புறம் பாப்போம்" என்றாள். தெரிந்த பழைய இரும்புக்காரர் ஒருவர் இருக்கிறார், எடைக்கு எடுத்துக்கொள்வார் என்றார் சாமுவேல். ஆக, மெஷின் இருக்க வேண்டுமென்றால் எனக்கு ஒரு வியாதி இருந்தாக வேண்டும்.

வியாதி லேசில் அகப்படவில்லை. டூட்டி டாக்டர் என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, மின்சாரம் பாய்ந்த தடம் எதுவும் இல்லை என்றார். எனக்குத் தெம்பு வந்தது. "செருப்புப் போட்டிருந்தாக, அதான் தடம் விழல" என்று சாமுவேல் அதைக் கெடுத்தார்.

பிறகு ஈ.சி.ஜி. நெஞ்சிலும் கைகால்களிலும் கம்பிகளை ஒட்டி, இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து பார்ப்பது. கோடு சொன்னபடி கேட்டு அழகாக ஓடியது. "நார்மலா இருக்கு சார்" என்றார் நர்ஸ்.

"ஸ்தோத்திரம்!" என்றாள் ஜெயராணி.

"நல்லாப் பாத்தீங்களா சிஸ்டர்?" என்றேன் நான்.

ரத்தப் பரிசோதனை நார்மல். தலை ஸ்கேன் நார்மல். எக்கோ என்பது நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவி, இதயத்தைத் திரையில் படமாகப் பார்ப்பது. வால்வு திறந்து திறந்து மூடுவதை நானும் பார்த்தேன். என் மெஷின்கூட அத்தனை சுத்தமாக ஓடியதில்லை. "சின்னதா எதுவும் இல்லையா?" என்று கேட்டேன். "சின்ன வயசுக்காரர் ஹார்ட் மாதிரி இருக்கு" என்று கருவியைப் பிடித்திருந்த பெண் சந்தோஷமாகச் சொன்னாள். நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கோம்பைக்காரர் ஒருவர். பெயர் பெருமாள்சாமி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறார். நெஞ்சுவலி என்று வந்தவர், வீட்டில் நாய்க்கு யார் சோறு வைப்பார்கள் என்பதைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலைப்படவில்லை. அது கோம்பைச் சாதிக் காவல்நாய். இவர் கையால் வைத்தால்தான் தின்னுமாம். ஒரு நாள் முழுக்க என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி, ஆசுபத்திரியில நோவு இல்லன்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிற மனுசன இப்பத்தான் பாக்குறேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். பங்காளியோடு வரப்புத் தகராறில் வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறவர். இதை ஒரு கேஸாகவே எடுத்துக்கொண்டார்.

"மெஷினு குத்தவாளின்னு உங்க மச்சான் சொல்றாக. சரி. மெஷினு இல்லாத எடத்துல எப்பவாச்சும் உங்களுக்குக் கிறுகிறுத்திருக்கா? அப்படி ஒண்ணு இருந்தா எதிராளி அங்கன இல்லன்னு ஆயிருதுல்ல? கேசு முடிஞ்சிச்சு!"

இருந்தது. இரண்டு முறை. சாப்பிடாததால் வந்த கிறுகிறுப்பு என்று அப்போது நான் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் நாள் எனக்கு மறக்காது.

மதுரையிலிருந்து இதய டாக்டர் வியாழக்கிழமைகளில் வருவார். வியாழன் வரும்வரை காத்திருந்தேன். வந்தவர் இளவயதுப் பெண். "இதுக்கு முன்னாடி தலைசுத்தல் வந்திருக்கா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்தேன்.

"குருத்தோலை ஞாயிறு. முதல் ஆராதனை, ரெண்டாவது பாட்டுக்கு எந்திரிச்சு நின்னப்ப. முன்பெஞ்சப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம், முதல் போகத்துக்கு அணையில தண்ணி தெறந்த அன்னைக்கு. கடையில, கட்டுக்கம்பிச் சுருளத் தூக்கும்போது. ரெண்டு எடத்துலயும் மெஷின் இல்ல."

"மெஷின் இல்ல" என்றதை அவர் ஏனோ குறித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மகிழ்ந்துபோனார். "போன வாரம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாலே பேஷண்டுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க பாட்டு நம்பர்கூட சொல்வீங்க போலிருக்கே!"

ஜெயராணி மகிழவில்லை. "குருத்தோலை ஞாயித்துக்கே மயக்கம் வந்துச்சா? நான் பக்கத்து பெஞ்சுலதான நின்னேன்? பெஞ்சப் புடிச்சத நான் பாத்தேன். பக்தின்னு நெனச்சேன்!"

பெருமாள்சாமி போர்வைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சுவலிக்காரர் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார்.

டாக்டர் ஹோல்டர் என்ற கருவியை மாட்டச் சொன்னார். ஈ.சி.ஜி. எடுப்பது சில நொடி நேரம்தான். அந்த நேரத்தில் இதயம் நல்லபிள்ளையாக நடந்துகொண்டால் ஒன்றும் தெரியாது. ஹோல்டர் ஒரு சின்னப் பெட்டி. இடுப்பில் தொங்கவிட்டு, நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, ஒரு பகலும் இரவும் விடாமல் கண்காணிப்பார்கள். வழக்கம்போல் நடமாடலாம் என்றார்கள். நான் வழக்கத்துக்கு அதிகமாகவே நடமாடினேன். இதயத்துக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று மாடிப்படி ஏறி இறங்கினேன். அது அசைந்து கொடுக்கவில்லை. கருவியைக் கழற்ற வேண்டிய வெள்ளிக்கிழமை காலை கட்டிலில் சோர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது சாமுவேல் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாண்ணே, முழுக்க அலுமினியம். மோட்டாரு தனி. செம்பு இருக்கும்ல உள்ள? அதத் தனியா எடை போட்ருங்க…"

என் கண்ணுக்கு முன் வெளிச்சம் லேசாக மங்கியது. வார்டு ஒரு நொடி தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. தலையணையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெட்டி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்று இருந்தேன்.

மாலையில் டாக்டர் மதுரையிலிருந்து போனில் கேட்டார். "காலைல பத்து மணி சுமாருக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மச்சான் என் மெஷின எடைக்கு வித்துக்கிட்டிருந்தாரு" என்றேன்.

மதுரைக்கு நேரில் வரச் சொன்னார். அங்கே சொன்னதைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். இதயத்தின் மேலறையில் மின்சாரம் பிறந்து, ஒரு பாதை வழியாகக் கீழறைக்கு இறங்கி, அதைத் துடிக்கவைக்கிறது. என் விஷயத்தில் அந்தப் பாதை எப்போதாவது அடைத்துக்கொள்கிறது. இதற்கு ஹார்ட் பிளாக் என்று பெயர். ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு. கம்பி தளர்ந்தால் மெஷின் நிற்கும்படிதான் நான் கட்டியிருந்தேன். என்னையும் அதே முறையில்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மெஷினில் அது பாதுகாப்பு. எனக்கு அது ஆபத்து. அடுத்த தடவை நின்றது திரும்ப ஓடாமலே போகலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கும் கொஞ்சம் உறைத்தது. ஜெயராணியின் கை என் கையைத் தேடி வந்து இறுக்கிக்கொண்டது.

மருந்து பேஸ்மேக்கர். தீப்பெட்டி அளவுள்ள பெட்டியைக் கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பியை இதயத்துக்குள் விடுவார்கள். துடிப்பு தவறினால் அது ஒரு தட்டுத் தட்டும். தவறாவிட்டால் சும்மா இருக்கும்.

"மெஷின்னு சொன்னீங்களே, என்ன மெஷின்?" என்று டாக்டர் கேட்டார். விவரமாகச் சொன்னேன். மோட்டார் என்றதும் அவர் நெற்றி சுருங்கியது. "பேஸ்மேக்கர் வச்சதுக்கப்புறம் அதுக்குப் பக்கத்துல போகலாமான்னு கேட்டுத்தான் சொல்லணும். கம்பெனி இன்ஜினியர் வருவார்."

குற்றமற்றது என்று விடுதலை வாங்கிக் கொடுத்த பிறகு, வாங்கிக் கொடுத்தவனே அதைப் பார்க்கக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? அந்த நிலையில்தான் ஆபரேஷனுக்குப் போனேன். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள், விழித்தே இருந்தேன். தோளில் யாரோ அழுத்துவதுபோல் இருந்தது. உள்ளே கம்பியைச் செலுத்தும்போது அவர்கள் பேசிக்கொண்டதைக் காது கொடுத்துக் கேட்டேன். "டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். வேலை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பில்லைப் பற்றி ஒரு வரி. தீப்பெட்டி அளவுப் பெட்டிக்கு முன்னால் என் இரண்டு வருட மெஷின் மலிவு. முன்பணத்தை நாங்கள் கேட்காமலே சாமுவேல் கட்டியிருந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை. வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். தேவதானப்பட்டியிலிருந்து தினமும் தூக்குவாளியில் அவர் வீட்டு ரசம் வந்தது. மனிதரை நான் இரும்புக்காரராகவே பார்த்துக்கொண்டிருந்தது நியாயமில்லை.

மறுநாள் கம்பெனி இன்ஜினியர் வந்தார். என் நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்து, உள்ளே இருந்த பெட்டியோடு கம்ப்யூட்டரில் பேசினார். பிறகு என்னோடு பேசினார். வெல்டிங் கூடாது. காந்தத்தை நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது. போனைச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. எர்த் சரியாக இருக்க வேண்டும்.

"ஓடுற மோட்டாருக்கு ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்க. மேல குனியாதீங்க. தலை சுத்தினா உடனே விலகிருங்க. அவ்வளவுதான்."

"அப்ப ஓட்டலாமா?"

"தள்ளி நின்னு ஓட்டலாம் சார்."

வாசலில் நின்ற சாமுவேல் தொண்டையைச் செருமினார். "நல்லதாப் போச்சு அத்தான். புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு நாள் குறிச்சாச்சு. பாதித் திராட்சையோட கதவ மாட்டுனா ஊருல என்ன பேசுவாக?"

"இரும்புக்காரரு?" என்றாள் ஜெயராணி.

"அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்க்கா."

வீட்டுக்கு வந்தோம். இடதுகையைத் தோளுக்குமேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெடலோ மெஷினுக்கு அடியில், மோட்டாரை ஒட்டி இருந்தது. அதை ஒரு கை தூரத்துக்கு இழுக்க வேண்டும். ஆகவே நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, சாமுவேல் மெஷினுக்கு அடியில் தவழ்ந்தார். முடித்துவிட்டு முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஓட்டிப் பாப்பமா அத்தான்?"

"மொதல்ல நிக்குதான்னு பாரு மாப்ள. மோட்டார ஓட விட்டு, பெடல் கம்பியப் புடுங்கு."

பிடுங்கினார். மெஷின் அதுபாட்டுக்கு ஓடியது. சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினேன். பெடலுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் நீட்டிய இடத்தில் சாமுவேல் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டிருந்தார். மின்சாரம் பெடலுக்குப் போகாமல் அந்த முறுக்கிலேயே திரும்பியது. பெடல் கம்பி அறுந்தாலும் மெஷின் ஓடும்.

"இப்ப புரியுதா, யாரு மாட்டுனா கரண்டு அடிக்கும்னு?" என்றேன்.

அவர் மறுபடி தவழ்ந்தார். இரண்டாவது தடவை கம்பியைப் பிடுங்கியதும் மெஷின் நின்றது. மூவருக்கும் நிம்மதி. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெயராணி போகவில்லை.

"எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள். "அந்தச் செவப்புப் பொத்தான் மாதிரியே. நீளமான கம்பியில. அடுப்படி ஜன்னல்ல."

"எதுக்கு? சத்தம் நின்னா நீயே வருவியே."

"நின்னதுக்கப்புறம் வந்து பாக்குறதுக்கு இல்ல. அங்கன இருந்து உங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க ஒரு கை தள்ளி நிக்காட்டி நானே நிப்பாட்டுவேன்."

கிழமை மட்டும் அவள் சரியாகச் சொல்லியிருந்தால் அவளைத் தலைமைப் பொறியாளராகவே நியமித்திருப்பேன். மாட்டிக்கொடுத்தோம்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, அதே கதவை அதே இடத்தில் வைத்து, மூன்றாவது குலையின் விட்ட பழத்திலிருந்து தொடங்கினேன். பெடலில் என் கால். நெஞ்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கை தூரம், அளந்தது. உளி இறங்கியது, தூசி பறந்தது, ஊத வேண்டும்போல் இருந்தது, ஊதவில்லை. ஒரு பழம் முழுசாக உருண்டு வந்தது. அடுத்ததில் பாதி.

மெஷின் நின்றது.

காலைப் பார்த்தேன். பெடலை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன்; நாடி ஒழுங்காக அடித்தது. தலை சுற்றவில்லை. எல்லைச் சுவிட்சுகளைப் பார்த்தேன். எதையும் உளி தொடவில்லை. கம்பிகளைப் பார்த்தேன், எலி கடிக்கவில்லை. ஒரு கை தூரத்தையும் பார்த்தேன், சரியாகவே நின்றிருந்தேன். கடைசியாகச் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். ஜெயராணி ஒரு கையைப் பொத்தான்மேல் வைத்திருந்தாள். மறுகையில் குழவி.

"என்ன ராணி? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வந்து தொவையலுக்கு உப்பு பாருங்க."